ஜேர்மனியில் பாஸ் பண்ணியவன்

புவனேந்திரன் ஜேர்மனியில் மீன்பிடிப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவன். நீங்கள் கேட்கவே வேண்டாம், அவனே சொல்வான். ஹவுன்ஸ்லோவில் அவனுடைய கடைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் சொல்வான்.

நான் பரீட்சை எதுவும் எழுதியவனில்லை. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடலில் வளர்ந்தவனுக்கு யார் பரீட்சை வைப்பது? லண்டனில் ஒரு குளத்தில் தூண்டில் போடவும் லைசன்ஸ் வேண்டும் என்பது பிடிபடும் வரை எனக்குத் தெரியாது. புவனேந்திரனுக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், தன் மகளைக் கொண்டு அதிகாரிகளுக்குப் போன் பண்ணுவித்தான். அவர்கள் வந்து என் மனைவி பிலோமினாவுக்கு முன்னால் தூண்டிலைப் பறித்துக்கொண்டு போனார்கள். கோர்ட்டுக்கும் போய் நின்றேன்.

பிறகு கடையில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது, "சட்டம் சட்டம்தானே சூசை அண்ணை. நான்தான் அறிவிச்சனான்," என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரியும்.

அதற்குப் பிறகும் நான் லைசன்ஸ் எடுக்கவில்லை. வீம்புதான். தூண்டிலைத் தொடவுமில்லை.

2009 ஆகஸ்டில் அந்தக் குளத்து மீன்பிடிக் கிளப் ஓர் அறிவித்தல் போட்டது. வருகிற சனிக்கிழமை மட்டும், அரசாங்க அனுமதியோடு, யாரும் லைசன்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம். நான் நேரே கடைக்குப் போனேன்.

"சனிக்கிழமை குளத்தடிக்கு வாறியளோ? உங்கடை கெட்டித்தனத்தை நாங்களும் ஒருக்காப் பாக்க வேணும்."

"கட்டாயம் வாறன் அண்ணை. மீன் பிடிக்கிறது எப்பிடியெண்டு காட்டுறன்."

அவனைவிடப் பெரிய மீனாகப் பிடித்து, அத்தனை பேருக்கும் முன்னால் அவன் மூக்கை உடைக்க வேண்டும். அன்று என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

குளத்து வாசலில் ஆங்கிலத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். பிடித்த மீனை உயிரோடு திரும்பத் தண்ணீரில் விட வேண்டும் என்று அதில் இருந்தது. புவனேந்திரனுக்கு ஜேர்மன் தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் ஓடாது. பலகையைப் பார்க்காமலே உள்ளே போனான். ஜேர்மனியில் எல்லாம் தலைகீழ். பிடித்த மீனை அடித்துக் கொன்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், விளையாட்டுக்குப் பிடித்து விடுவது அங்கே குற்றம் என்று கடையில் எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறான். எனக்கு இரண்டு நாட்டுச் சட்டமும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அதிர்ஷ்டமும் அவன் பக்கம்தான் நின்றது. என் தூண்டிலில் பாசி வந்தது, அவனுடையதில் கைக்குழந்தை அளவுக்கு ஒரு கெண்டை வந்தது. குளத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

புவனேந்திரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன மரக்கட்டையை எடுத்து, மீனின் தலையில் ஓங்கி அடித்தான்.

கைதட்டல் நின்றது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். கிளப்பின் பெரியவர் நடுங்கும் உதடுகளோடு வந்து ஏதோ சொன்னார்.

"என்னவாம் அண்ணை?" என்றான் புவனேந்திரன்.

அவர் சொன்னது இதுதான்: அது எங்கள் எல்லோருக்கும் பழக்கமான கிழட்டு மீன். பாவம், இவருக்குத் தெரிந்திருக்காது. நாங்கள்தான் விளக்கியிருக்க வேண்டும். கவலைப்படாமல் தொடர்ந்து பிடிக்கச் சொல்லுங்கள்.

நான் புவனேந்திரன் பக்கம் திரும்பினேன்.

"நீங்கள் கொலைகாரனாம். இனி இந்தப் பக்கம் உங்களைக் காணக்கூடாதாம். பொலிசைக் கூப்பிட முந்திப் போகட்டாம்."

அவன் முகம் வெளிறிப் போனது. "நான் ஜேர்மனியிலை சோதினை பாஸ் பண்ணினனான் எண்டு சொல்லுங்கோ அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்."

நான் பெரியவரிடம், இவருக்குத் தலையிடி, வீட்டுக்குப் போக வேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஐயோ பாவம் என்று கையை ஆட்டி ஏதோ சொன்னார்.

"சொல்லிப்போட்டன். அதைக் கேட்டு இன்னும் கூடக் கோவப்படுறார்," என்றேன்.

என் பக்கத்தில் நின்ற, ஆங்கிலம் விளங்கிய பிலோமினா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள்.

புவனேந்திரன் மீனையும் கட்டையையும் புல்லிலேயே விட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி அத்தனை பேருக்கும் நடுவால் நடந்தான். பெரியவருக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த முறையும் கட்டாயம் வாருங்கள் என்று பின்னாலிருந்து உரக்கக் கூப்பிட்டார்.

அந்தக் குரல் கேட்டதும் புவனேந்திரன் ஓடத் தொடங்கினான்.