பெயர் சொல்லாத விண்ணப்பம்

ஜெபக்கா என்பது அவருடைய இயற்பெயர் அன்று. இயற்பெயர் மருத்துவமனையின் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்தது. யார் எத்துன்பத்தைச் சொன்னாலும் “நான் ஜெபம் பண்ணிக்கிறேன்” என்று விடையளிக்கும் வழக்கத்தால் சலவைப் பிரிவினர் சூட்டிய பெயர் அது; பாதி கேலி, பாதி மதிப்பு. காலை ஐந்து மணிக்கு எழுவார். வலது முழங்கால் மடங்க மறுப்பதால் முழந்தாளிடாமல் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, நீல அட்டை நோட்டிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்து வேண்டுவார். வேண்டுதல் நிறைவேறிய பெயருக்கு நேரே சிறு சிலுவைக்குறி இடுவார். ஐம்பத்தேழு ஆண்டுகளில் தமக்குக் கிடைத்த ஒரே உயர்பதவி அந்நோட்டுதான் என்பது அவருடைய எண்ணம்.

ஆறரை மணிக்கு நீராவி நிறைந்த அறைக்குள் நுழைந்தால், பிற்பகல் மூன்றரைக்குத்தான் வெளியே வருவார். உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகளை இருவர் இரு முனைகளிலும் பற்றி, உதறி, எட்டாக மடிக்க வேண்டும். மறுமுனையில் நிற்பவள் நெட்டை. ஜெபக்காவைவிட ஒரு முழம் உயரம். விரிப்பு ஒருபுறமாகச் சரியாதிருக்க, அவள் முழங்கால்களைச் சற்றே மடக்கி நிற்பாள். ஒன்பது ஆண்டுகளாக அப்படித்தான் நிற்கிறாள். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன்பு, முனைகளைச் சேர்ப்பதற்காக அருகில் வந்தபோது நெட்டை தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அக்கா, என் பையன் வெளியூர்ல வேலை பார்க்கிறான்னு சொன்னேன்ல, அது பொய். குடியை விடறதுக்காக மறுவாழ்வு இல்லத்துல சேர்த்திருக்கேன். திரும்பி வந்ததும் இங்கேயே வார்டு வேலைக்கு எடுத்துக்கறேன்னு மேற்பார்வையாளர் சொல்லியிருக்கார். அவன் முழுசா முடிச்சுட்டு வரட்டும். அப்ப நானே அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். அதுவரைக்கும் உங்களோட இருக்கட்டும்.”

“நான் ஜெபம் பண்ணிக்கிறேன்,” என்றார் ஜெபக்கா.

அந்தப் புதன்கிழமை மாலை, சபையின் பெண்கள் ஜெபக்குழுவில் விண்ணப்பம் உள்ளவர்கள் கூறலாம் என்றபோது அவர் எழுந்தார். கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

“என்கூட விரிப்பு மடிக்கிற ஒரு சகோதரி. பேரு வேண்டாம். அவங்க மகன் குடியில விழுந்து, ஒரு இல்லத்துல இருக்கான். வெளியே யாருக்கும் தெரியக்கூடாதுன்னு தவிக்கிறாங்க. எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க.”

பதினோரு பெண்கள் மனமுருகி ஜெபித்தனர். பெயரை மறைத்துவிட்டோம் என்னும் நிம்மதியோடு ஜெபக்கா வீடு திரும்பினார். தம்மோடு விரிப்பு மடிப்பவள் இவ்வுலகில் ஒருத்திதான் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அப்பதினொருவரில் ஒருவர் மேற்பார்வையாளரின் மனைவி.

சென்ற திங்கட்கிழமை மேற்பார்வையாளர் நெட்டையை அழைத்தார். “உங்க பையனுக்குன்னு வெச்சிருந்த இடத்துக்கு வேற ஆள் பார்க்கிறோம்மா. மருந்து புழங்குற இடம். நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்,” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை; முடிவாகச் சொன்னார்.

நெட்டை திரும்பி வந்த வேளையில், தள்ளுவண்டியோடு ரேடியோ உள்ளே நுழைந்தார். மடித்த துணிகளை வார்டுகளுக்குக் கொண்டு செல்பவர் அவர். அணைக்க முடியாதவர் என்பதால் அப்பெயர். மறுவாழ்வு இல்லத்தின் வாயிலில் ஒருமுறை நெட்டையைப் பார்த்தவரும் அவரே.

“என்ன நெட்டையம்மா, விரிப்பெல்லாம் உங்க முகம் மாதிரியே சுருங்கிக் கிடக்கு? ரெண்டையும் இஸ்திரி போட்டு அனுப்புங்க.”

“ஒலிபரப்பி முடிச்சாச்சா?” என்றாள் நெட்டை. “வண்டியை அங்கேயே விட்டுட்டுப் போ. இனி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே.”

“நான் என்ன பண்ணினேன்?”

“என் பிள்ளை பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, என்ன பண்ணினேன்னு வேற கேட்கிறியா? அந்த வாசல்ல என்னைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான்.”

ஜெபக்காவின் கையிலிருந்து விரிப்பின் முனை நழுவியது. யார் சொன்னது என்பது அக்கணமே அவருக்கு விளங்கிவிட்டது. குனிந்து முனையை எடுத்தார்.

“உங்ககிட்ட மட்டும்தான்க்கா சொன்னேன். அவன் கண்ணுல படாமப் போயிருக்கணும்,” என்ற நெட்டை, வழக்கம்போல் முழங்கால்களை மடக்கி மறுமுனையைப் பற்றினாள். “உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

செவ்வாயும் புதனும் சென்றன. காலையில் நோட்டை விரித்தால், நெட்டையின் பெயர்மேல் விரல் நின்றுவிடும், உதடு அசையாது. ‘பெயரைச் சொல்லவில்லையே’ என்று தமக்குத் தாமே பலமுறை சொல்லிப் பார்த்தார். அந்த வாதம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்துக்கொண்டே வந்தது. முழங்கால் வலி என்று சொல்லி ஜெபக்குழுவுக்குப் போகவில்லை. வலி இருந்தது, காரணம் அதுவன்று. பெயர்களை நோட்டில் ஏற்றத் தெரிந்த தமக்கு, மனிதர்களைக் காக்கத் தெரியவில்லையே என்று நினைத்தபோது, எழுந்து விளக்கை அணைப்பதற்கும் அலுப்பாக இருந்தது.

வியாழன் பிற்பகல் நெட்டை கேன்டீனுக்குச் சென்றிருந்தாள். ரேடியோ வண்டியை உள்ளே தள்ளினார். மூன்று நாள்களாகச் சக்கரம் மட்டுமே கிறீச்சிட்டது, அவர் பேசவில்லை. அடுக்கை வண்டியில் ஏற்றியபின் நின்றார்.

“அக்கா, நான் நூறு கதை பேசுவேன். ஆனா அந்த வாசல்ல பார்த்த யாரைப் பத்தியும் பேச மாட்டேன். என் தம்பியும் அங்கதான் எட்டு மாசம் இருந்தான். இதைச் சொன்னா அவங்க காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“நான் ஜெபம்…” என்று தொடங்கிய நாக்கு பாதியில் நின்றது.

“பண்ணுங்கக்கா, வேண்டாங்கல. சொல்லிட்டு வந்து பண்ணுங்க.”

ஜெபக்கா கையிலிருந்த தலையணை உறையை மேசைமேல் வைத்தார். சொன்னால் மறுமுனையில் ஆள் இராது. ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருந்தன. சொல்லாவிட்டால் அம்மூன்று ஆண்டுகளும் நெட்டை தமக்காக முழங்கால்களை மடக்கி நிற்பாள். அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“சொன்னது நான்தான், தம்பி,” என்றார். “ஜெபக்குழுவுல சொன்னேன். மேற்பார்வையாளர் சம்சாரமும் அங்க இருந்தாங்க.”

ரேடியோ வண்டியின் கைப்பிடியைப் பற்றியபடியே நின்றார்.

“சொல்லிட்டா அவங்க உங்ககூட நிற்க மாட்டாங்களே, அக்கா,” என்றார். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று ஜெபக்காவுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் தகும் என்று நினைத்தார்.

“நிற்க வேண்டாம். நான் தனியா மடிச்சுக்கறேன். அவ வந்ததும் சொல்லிடறேன், நீயும் இங்கேயே இரு. அதுக்கப்புறம் மேற்பார்வையாளர்கிட்டயும் போறேன். பையன் வந்ததும் அவளே உண்மையைச் சொல்ல நினைச்சிருந்தது, நான் முந்திக்கிட்டது, எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்றேன்.”