அணிலுக்குச் சொன்ன விலாசம்

பல் விழுந்தால் அதைக் கூரையில் எறிந்து, "அணிலே, பழம்பல்லைக் கொண்டுபோ, புதுப்பல்லைக் கொண்டுவா" என்று கத்த வேண்டும். வங்காலையில் நானும் அப்படித்தான் எறிந்தேன், என் மகள் அன்ரோனெற்றும் எறிந்தாள். அவள் எறிந்த மறுவாரமே நான் தகரக் கூரையைக் கழற்றிவிட்டு ஓடு போட்டேன். பழைய தகரங்களை முசலியில் இருக்கும் என் கூட்டாளி மர்சூக் தன் மீன்வாடிக் கொட்டிலுக்குக் கூரை போடக் கேட்டான். கொடுத்துவிட்டேன். இது ஒரு குற்றமா?

குற்றம்தானாம். எட்டு மாதமாகியும் அந்த முன்பல் முளைக்கவில்லை. அதற்குப் பிறகு விழுந்த பக்கத்துப் பல்கூட வந்துவிட்டது. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டே கதைக்கப் பழகிவிட்டாள். போதாததற்கு, வருகிற ஞாயிறு கோவிலில் அவளுக்கு முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். நல்ல குரல் என்று பூசையில் மன்றாட்டு வாசிக்க அவளைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். மாட்டேன் என்று ரீச்சரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

பல் டொக்டரிடம் காட்டினோம். அவர் ஈறை அழுத்திப் பார்த்தார். "முரசுக்குள்ள பல் நிக்குது. பிந்தினாலும் வரும், பயப்பிடாதேங்கோ" என்றார். என் மனைவி சுபாஜினி நம்பினாள். மகள் நம்பவில்லை.

"அணில் பல்லோட வந்து பாத்திருக்கும், அப்பா. எங்கட கூரையைக் காணேல்ல. நீங்கள்தானே குடுத்தனீங்கள்!"

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். "விசர்க்கதை கதையாதை!" என்று கத்தினேன். அவள் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். எனக்கு மனம் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முசலிக்குப் போனேன். வாடியில் மர்சூக்கும் நாலு பேரும் வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். வந்த விசயத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஒருவன் சிரித்தான். மர்சூக் அவனை முறைத்தான்.

"மகள், இதுதான் உங்கட கூரை. சத்தமாச் சொல்லுங்கோ, கடல் இரையுது."

அவள் வாயைப் பொத்தியபடி முணுமுணுத்தாள்.

"கேக்கேல்ல!" என்றான் மர்சூக்.

கை கீழே இறங்கியது. அண்ணாந்து, வாயை அகலத் திறந்து கத்தினாள்.

"அணிலே! நாங்கள் கூரையைத்தான் மாத்தினனாங்கள்! வங்காலை, கோவிலுக்குப் பின் ஒழுங்கை, சிவப்பு ஓடு! கெதியா வா!"

சிரித்தவன்கூட நண்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். எட்டு மாதமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

திரும்பும் வழியில் என் முதுகில் தட்டினாள். "அப்பா, அந்தத் தாளை ரீச்சரிட்டத் திருப்பி வாங்கித் தாறீங்களோ?"

ஞாயிற்றுக்கிழமை பல் வரவில்லை. வெள்ளை உடுப்போடு, முன்பல் ஓட்டை எல்லோருக்கும் தெரிய, அவள் தெளிவாக வாசித்தாள். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னோம். கடைசி மன்றாட்டு முடிந்ததும் தாளை மடித்தாள், ஆனால் இறங்கவில்லை.

"தூர இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் அணிலுக்காக மன்றாடுவோம்."

கோவிலில் குசுகுசுப்பு எழுந்தது. சுபாஜினி என் கையைப் பிடித்தாள், நான் கோபப்படப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் முந்தி, அந்தப் பதிலைத் தொண்டை கிழியச் சொன்னேன்:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"