ஏழாவது பாலம்

எங்கள் அலுவலகத்தில் மதிப்பீடு போடுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இழுவை அக்கா'. எந்த வேலைக்கும் ஒரே தொகையாகச் சொல்ல மாட்டார். இதிலிருந்து அது வரை என்று இழுப்பார். பெயரை வைத்ததே நான்தான்.

நான் வடிவமைத்த வளைவுப் பாலம் அப்போது வரைபடத்தில் வெறும் கோடு. ஆற்றில் மண் பரிசோதனைகூட நடக்கவில்லை. நானோ ஆறு மாதமாக அதைக் கனவில் கட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு கோடிக்குள் வந்தால்தான் நிதி ஒதுக்கும் குழு ஒப்புதல் தரும். அக்காவின் தாளில் எண்பத்தைந்து முதல் நூற்றிருபது வரை என்றிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அந்த நூத்தியிருபதை மட்டும் எடுத்துடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எடுத்துடலாம் தம்பி. எடுத்துட்டா ஆத்துக்கடியில அஸ்திவாரத்துக்குப் பாறை வந்துடுமா?"

"குத்துமதிப்பா போடுற கணக்குக்கு இவ்வளவு பிடிவாதமா?"

"குத்துமதிப்புதான். ஆனா முதல்ல சொல்ற தொகையைத்தானே எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கறாங்க?"

ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். எங்கள் அலுவலகம் கட்டி முடித்த பதினோரு ஆற்றுப் பாலங்கள். ஆரம்பத்தில் சொன்ன தொகை ஒரு பக்கம், கடைசியில் ஆன செலவு மறுபக்கம். பாலத்தின் பெயரும் இல்லை, வடிவமைத்தவர் பெயரும் இல்லை. அந்த வித்தியாசங்களை வைத்துத்தான் என் பாலத்துக்கு நூற்றிருபது என்ற மேல் எல்லையைப் போட்டிருந்தார். ஏழாவது பாலம் சொன்னதைப் போல இரண்டு மடங்கு விழுங்கியிருந்தது.

"யாருங்கக்கா இந்த மகானுபாவன்?"

அக்கா தாளைத் திரும்ப வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"சும்மா சொல்லுங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்?"

"நீங்கதான் தம்பி."

எனக்கு நினைவிருந்ததெல்லாம் அந்தப் பாலத்துக்கு இரண்டு முறை திருத்தி ஒப்புதல் வாங்கிய தொகை. முதலில் சொன்னதை வசதியாக மறந்திருந்தேன். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நான் இழுவை என்று கேலி செய்தபோதெல்லாம் இந்த மனுஷி வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்படி ஒருவரோடு வேலை பார்க்கிறோமே என்று பெருமையாக இருந்தது.

குழுக் கூட்டத்தில் தலைவர் இரண்டு தொகைகளையும் பார்த்துவிட்டு, அக்காவை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"கட்டப் போறது நீங்க. தொண்ணூறுல முடியுமா, முடியாதா?"

முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் பாலம் என்னுடையது. எங்கள் இயக்குநர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"சொல்ல முடியாதுங்க. நூத்தியிருபது வரைக்கும் தயாரா இருந்தா ஆரம்பிக்கலாம்."

"அப்ப வளைவெல்லாம் வேண்டாம். சாதாரணப் பாலமா வரைஞ்சு கொண்டாங்க."

அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மேசை மேல் விரித்திருந்த என் படத்தைச் சுருட்ட எழுந்தேன். ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டார்.