பாறை என்று எழுதிக் கொடுத்த நிலம்

என் நிலம் வெறும் பாறை என்று இருபது வருஷம் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். கடைசியில் அதை நம்பித் தொலைத்தார்கள்.

எங்கள் மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டில் இது எல்லோரும் செய்கிற காரியம்தான். வருஷா வருஷம் நிலவரிக் கிஸ்தியைக் குறைக்கச் சொல்லி ஊரே சேர்ந்து ஒரு மனு போடும். மணியக்காரர் அர்த்தனாரி எழுதுவார்; முப்பது குடும்பத்து ஆண்களும் வரிசையாகக் கைரேகை வைப்போம். ஒரு அடிக்குக் கீழே பாறை, சாமைகூட விளையாது என்பது அவருக்கு மனப்பாடம். அதிகாரி பார்க்க வந்தால் ஓடையோரம் இருக்கும் மொட்டைப் பாறைக்கு மட்டும் கூட்டிப் போவோம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஏதோ கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும்.

உண்மையில் என் நிலம் ஆள் உயரத்துக்குக் கருமண். நாற்பது பலா மரம், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. அத்தனையும் என் பெண்சாதி பெருமாயி நட்டு ஏற்றியது. எங்களுக்கு உப்பும் துணியும் அந்த மிளகில்தான்.

முப்பத்தெட்டாம் வருஷம், மலையேறி வரும் துரைமார் தங்க பங்களா கட்டப் போவதாகவும் அதற்கு என் நிலத்தை எடுப்பதாகவும் தமுக்கு அடித்தார்கள். ஊரில் வேறு இடமே இல்லையா என்று மணியக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாதையோரம், சமதளம், காகிதத்தில் பாறை. கட்டடத்தின் கடைக்காலுக்கும் நல்லது, விலையும் மலிவு என்று முடிவு செய்துவிட்டார்களாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நஷ்ட ஈட்டு விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்து மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். மண்ணின் ஆழம், மிளகு, பலா எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது உன் ரேகைதானே?"

"ஆமாங்க."

"அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? அந்த மனு பொய்னு வாக்குமூலம் கொடு. விலையைக் கூட்டிப் போடறேன்."

நல்ல மனுஷன். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். என் ரேகை இருந்த அதே தாளில் இன்னும் இருபத்தொன்பது ரேகை இருந்தது. நான் பொய் என்று சொன்னால் அத்தனை பேர் நிலமும் அன்றைக்கே நல்ல நிலமாகிவிடும், கிஸ்தி ஏறும். அந்த இருபத்தொன்பது பேரும் எனக்குப் பின்னால்தான் நின்றார்கள். பக்கத்துக் காட்டு மாதன் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாதே என்று ஒருவனாவது வாயைத் திறந்திருந்தால் அந்த ஆத்திரத்திலேயே சொல்லியிருப்பேன்.

"பாறைதானுங்க" என்றேன்.

ஐம்பத்து நாலு ரூபாய் போட்டார்கள். கட்டாயமாகப் பிடுங்குவதற்கு நூற்றுக்குப் பதினைந்து சேர்த்துத் தருவது சட்டமாம். ஆக அறுபத்திரண்டும் சில்லறையும். ஆட்சேபித்து வாங்கினால் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் குமாஸ்தா. அங்கேயும் அதே கட்டுத்தானே வந்து நிற்கும்? ஆட்சேபனை இல்லை என்று ரேகை வைத்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் பெருமாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்க, அவிய கிஸ்திக்கு என்ர கொடியக் குடுத்துட்டீங்களா?"



தை மாதம் ஓவர்சியர் கடைக்கால் தோண்ட வந்தார். ஆள் உயரம் போன பிறகும் பாறை தட்டவில்லை. காகிதத்தில் இருக்கும் பாறை எங்கே என்று என்னிடம்தான் எகிறினார். ஓடையோரத்து மொட்டைப் பாறையைக் காட்டினேன். அது புறம்போக்கு. பங்களாவை அங்கேயே கட்டி முடித்தார்கள். வேண்டாத நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி, அதே அர்த்தனாரியை வைத்து நாலு மனு போட்டேன். எடுத்தது எடுத்ததுதான், திருப்பித் தர வழியில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

போன வாரம் மறுபடியும் தமுக்குச் சத்தம். சர்க்கார் நிலத்து மரங்களின் மூன்று வருஷ மகசூல் ஏலமாம். நானும் பெருமாயியும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றோம். மணியக்காரர் நோட்டீஸைப் படித்தார்: ஆழமான கருமண், நாற்பது பலா, நன்றாகக் காய்க்கும் மிளகுக் கொடிகள், ஏலத்தின் ஆரம்பக் கேள்வி எண்பது ரூபாய்.

முதல் கேள்வி கேட்டவன் மாதன்.