நானூற்று எண்பது பிக்சல் அப்பா

டிரைவருக்கு ஒன்று தெரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடமும் வழி கேட்டதில்லை. கல்யாணம் கில்யாணம் என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல், இரண்டாம் மாடி வீட்டில் அம்மாவோடு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு போட்டோ, அதுவும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு போட்டோ, தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது.

விஷயம் இதுதான். அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நடுப்பார்வை மறைந்துவிடும், ஓரத்தில் கொஞ்சம் தங்கும், இரண்டு மாசம், மிஞ்சினால் மூன்று என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை. மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதுதான் மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பார்வை போறதுக்குள்ள உங்கப்பா முகத்த ஒரு தடவ பெருசா பாத்துடணும்ப்பா. சின்னதா இருந்தா எனக்குத் தெரியமாட்டேங்குது."

அப்பா இறந்து ஆறு வருஷம். கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுகிற மனிதர். அடையாள அட்டைக்கு எடுத்தது தவிர, அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு படம். தங்கை முதல் சம்பளத்தில் கேமரா வாங்கி வந்த அன்றைக்கு, பால்கனியில் அம்மா, அப்பா, டிரைவர் மூவரையும் நிற்க வைத்து எடுத்தது. அதில் அப்பா சிரித்திருந்தார். எப்படிச் சிரித்தார் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

"இதென்ன பெரிய விஷயம்" என்றார் டிரைவர். படம் போனில் குடும்ப குரூப்பில் இருந்தது. அவர் அதை எடுத்து, அம்மாவையும் தன்னையும் இரண்டு பக்கமும் வெட்டி, அப்பாவை மட்டும் தனியாக்கினார். போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வீட்டுக்கே அனுப்புகிற ஒரு இணையதளத்தில் ஏற்றினார். ஒன்றரை அடிக்கு இரண்டடி. விலாசம் எல்லாம் எழுதி முடித்த பிறகு, சிவப்பாக ஒரு முக்கோணம் வந்து நின்றது. படத்தின் அகலம் நானூற்று எண்பது பிக்சல்தானாம். இந்த அளவுக்கு ஆயிரத்து எண்ணூறு பிக்சலாவது வேண்டுமாம்.

டிரைவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். படம் பளிச்சென்று இருந்தது. தூரத்தில் வைத்துப் பார்த்தார். அப்போதும் பளிச். பிறகு என்ன கேடு? பிக்சல் என்றால் என்னவென்று பாதி தெரியும், பாதி தெரியாது. தெரியாத பாதியை யாரிடமும் கேட்கவும் மனசு வரவில்லை.

கேட்காமலே சொல்ல ஆள் இருந்தது. டிப்போவில் டீ குடிக்கும்போது கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சரியாகிவிடும் என்றார். எடுத்தார். அட, எண் ஆயிரத்து எண்பது ஆகிவிட்டது! சிவப்பு முக்கோணம் மஞ்சளானது. ஸ்கிரீன்ஷாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இன்னும் ஏறும் என்று நினைத்து எடுத்தார். அதே ஆயிரத்து எண்பது. போனைக் குறுக்கே திருப்பி எடுத்தார். அப்பா படுத்துக்கொண்டார். டிக்கெட் மெஷின் ரிப்பேர் செய்கிறவர், கோப்பின் எடை கூடினால் போதும், பிடிஎஃப் ஆக்குங்கள் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். எடை கூடியது. படம் ஒரு வெள்ளைத் தாளின் மூலையில் தபால்தலை மாதிரி உட்கார்ந்திருந்தது. எடை ஏறினால் பிக்சல் இறங்குகிறது, பிக்சல் ஏறினால் கண் மூக்கு கலைகிறது. நான்கு நாள் டிரைவர் பேயறைந்தவர் மாதிரி அலைந்தார். ஐந்தாம் நாள் ஒரு ஸ்டாப்பை மறந்து தாண்டிப் போய், பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தப் படத்தை எடுத்தவள் தங்கை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது கதை. ஆனால் அவள் அப்போதே, படங்களையெல்லாம் தனியாகப் பத்திரப்படுத்தித் தருகிறேன் அண்ணே என்று சொன்னதும், எல்லாம் என் போனிலேயே இருக்கிறது, உன் வேலையைப் பார் என்று இவர் முகத்திலடித்த மாதிரி சொன்னதும் நடந்துபோன விஷயங்கள். இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

அப்போதுதான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. மங்கின படங்களை ஒரே தொடுதலில் தெளிவாக்கும் ஆப். டிரைவர் தொட்டார். ஒரு வட்டம் சுற்றியது. நானூற்று எண்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாகி வந்து நின்றது. இணையதளத்தில் ஏற்றினார். பச்சை டிக். அந்த டிக்கைப் பார்த்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படத்தைச் சரியாகப் பார்த்தாரா என்று கேட்டால், டிக்கைத்தான் பார்த்தார்.

ஒரு வாரத்தில் அட்டைப்பெட்டியில் சட்டம் வந்தது. ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். அம்மா சட்டத்துக் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவு கிட்டே போய், தலையைச் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுதாம்மா?"

"நல்லாத் தெரியுதுப்பா. இவ்வளவு லட்சணமாவா இருந்தாரு? கூட இருந்தப்ப கவனிக்கவே இல்லையே."

டிரைவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அன்றைக்கு டிப்போவில் கண்டக்டருக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து அம்மா படத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மாத்திரை கசப்பது, கீழ்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தூங்குவது, மகன் சரியாகச் சாப்பிடாதது, எல்லாம் ஒப்பித்தாள். ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்த டிரைவர், செருப்பைக் கழற்றும்போது காதில் விழக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டார். கடைசி நாளன்று ஆஸ்பத்திரியில் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தது மாற்றுத்துணி எடுக்க என்றுதான் எல்லோருக்கும் தெரியும். துணி எடுக்க இல்லையாம். பார்த்துக்கொண்டே இருக்கப் பயமாக இருந்ததாம். அந்த நேரத்தில்தான் அவர் போய்விட்டார். "நீங்க தேடியிருப்பீங்க, என்னை மன்னிச்சிடுங்க" என்று அம்மா படத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆறு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாதது. டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கி, கால் மணி நேரம் தெருவில் நின்றுவிட்டு வந்தார்.

மூன்றாவது வாரம் வெளியூரிலிருந்து தங்கை வந்தாள். பையைக் கீழே வைத்தவள் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அண்ணனைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், அடுப்புச் சத்தத்துக்குக் கீழே குரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, யாரு அது?"

யாரா? பச்சை டிக் வாங்கின படம் என்றார் டிரைவர். தெளிவு போதும் என்று கம்பெனிக்காரனே ஒத்துக்கொண்ட படம் என்றார். தங்கை தன் போனில் அந்தப் பால்கனிப் படத்தைத் திறந்தாள். விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். படம் கலையவே இல்லை. அப்பாவின் மேல்வரிசையில் ஒரு பல் ஓரம் உடைந்திருந்தது. இடது கண் பாதிதான் திறந்திருந்தது. தாடையில் சவரத்தில் விட்டுப்போன நாலு வெள்ளைமுடி. சுவரில் இருந்தவருக்கோ முப்பத்திரண்டு பல்லும் எண்ணி வைத்தமாதிரி இருந்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவு. கன்னம் மெழுகு.

குரூப்பில் போட்டபோதே படம் சுருங்கிவிட்டது என்றாள் தங்கை. அதிலும் இரண்டு பக்கம் வெட்டினதில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். டிரைவர் விழித்ததைப் பார்த்து, அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னாள்.

"உன் பஸ்ல அம்பது சீட்டு. ஏறினது பன்னெண்டு பேரு. அந்த ஆப் மிச்ச சீட்ல எல்லாம் தெரியாத ஆளுங்கள உக்கார வச்சு, வண்டி ஃபுல்லுன்னு உனக்கு டிக் போட்டுக் காட்டியிருக்கு."

டிரைவருக்குக் காது சூடாகியது. ஆப் ஏமாற்றியது ஒரு பக்கம் கிடக்கட்டும். மூன்று வாரமாகத் தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகிறார், அது அப்பா இல்லை என்று இவருக்கு ஏன் தோன்றவில்லை? நாற்பது வருஷத்துக்கு மேல் தன்னோடு ஒரே வீட்டில் இருந்த மனிதருக்கு எந்தப் பல் உடைந்திருந்தது என்று இப்போது கேட்டால்கூட, போனைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அது அவரை வெட்கப்பட வைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் தங்கை படத்தை அனுப்பினாள். அவசரத்தில் மறுபடியும் அதே குரூப்பில் போட்டுத் தொலைத்தாள். டிரைவர் வெட்டிப் பார்த்தால், மறுபடி நானூற்று எண்பது! போனைத் தூக்கி எறியாத குறை. இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டார். டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காது என்று சொல்லி அப்படியே அனுப்பினாள். அதில் வெட்டியபோது ஆயிரத்து எண்ணூறுக்கு மேலேயே இருந்தது. எந்த ஆப்பும் தொடாத அப்பா. அதற்கும் அதே பச்சை டிக்தான் வந்தது. இப்போது அந்த டிக்கைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

சட்டம் வந்து சேர ஒன்பது நாள் ஆகிவிட்டது. அந்த ஒன்பது நாளில் அம்மா தம்ளரைப் பிடிக்கப் போய் இரண்டு தடவை காற்றைப் பிடித்தாள்.

அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் டிரைவர் பழையதைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டுப் புதியதை மாட்டினார். சொல்லாமல் கொள்ளாமல் விஷயத்தை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அம்மா தலையைத் துவட்டியபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள். எழுந்து கிட்டே போனாள்.

"அவரு எங்கப்பா?"

"அங்கதானம்மா இருக்காரு."

"இது யாரோ. ஒரே கறுப்புத் திட்டும் வெளுப்புத் திட்டுமா இருக்கு. அவர எங்க எடுத்துட்டுப் போன?"

உடைந்த பல்லும் பாதிக் கண்ணும் வெள்ளைமுடியும் அம்மாவின் கண்ணுக்கு எட்டவில்லை. மெழுகுக் கன்னமும் வரிசைப் பல்லும்தான் எட்டியிருந்தன. டிரைவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பழையதையே எடுத்து மாட்டிவிட்டால் இந்த நிமிஷமே அம்மா முகம் தெளிந்துவிடும். பீரோ நாலடி தள்ளித்தான் இருந்தது. இரண்டடி நடந்தும் விட்டார். அதற்கப்புறம், யாரோ ஒரு ஆளிடம் அம்மா மன்னிப்புக் கேட்டது ஞாபகம் வந்து கால் நின்றுவிட்டது.

"அம்மா, முன்ன மாட்டினது அப்பா இல்ல" என்றார். "தெரியாம நான் செஞ்ச தப்பு. அது மெஷினே போட்ட முகம். இதுதாம்மா அப்பா."

அம்மா கையிலிருந்த துண்டை நாலாக மடித்தாள்.

"அப்ப இவ்வளவு நாளா நான் யார்கிட்டப்பா பேசிட்டிருந்தேன்?"

அம்மா கையை நீட்டி, சட்டத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து, ஓரக்கண்ணால் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை தேடினாள்.

"எனக்குத் தெரியலப்பா. நீ சொல்றேன்னு நம்புறேன்" என்றாள். "நாற்காலிய இன்னும் கொஞ்சம் கிட்ட போடு. அவருக்கு எல்லாத்தையும் மொதல்லேருந்து சொல்லணும்."

டிரைவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, அம்மாவை அதில் உட்கார வைத்தார். மதிய ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டிப்போவுக்குப் போன் பண்ணி இன்றைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு, வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு போய் அம்மா பேசுவது கேட்காத தூரத்தில், மாடிப்படியில் உட்கார்ந்தார்.