கொளஞ்சி இழுத்த கைப்பிடி

1

இந்தக் கதை நானாக யோசித்ததில்லை, பரிமளா கேட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 2010 மே மாதம், திண்டிவனத்தில் என் வீட்டுக்கு ஒரு விபத்து அறிக்கையோடு வந்தார். அவர் கணவர் கொளஞ்சி கனடாவின் வடக்கே சின்ன தபால் விமானம் ஓட்டியவர். முந்தைய வருஷம் ஜனவரியில் விமானம் உறைந்த ஏரிமேல் விழுந்து இறந்தார். முதல் வருஷக் காரியத்தில் கொளஞ்சியின் அண்ணன் கிருஷ்ணசாமி, பஸ் டிரைவர், தம்பி கொஞ்சம் பொறுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். அது பரிமளாவை அரித்துக்கொண்டே இருந்தது.

"அவரு தப்பு பண்ணாரான்னு நீங்க எழுதிப் பாருங்க சார்."

2

முதல் வரி: 'பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில்...' அடித்துவிட்டேன். நான் கண்ட பனிக்கட்டியெல்லாம் மரக்காணம் பஸ்ஸில் மீன் பெட்டியிலிருந்து ஒழுகி என் செருப்பை நனைத்ததுதான்.

இரண்டாவது: 'கேப்டன் கொளஞ்சி...' படித்த நண்பர், இந்தப் பெயரில் பைலட்டா, மாற்றய்யா என்றார். ஓமந்தூரில் பிறந்த பிள்ளைக்குக் கனடாவைக் கேட்டா பெயர் வைப்பார்கள்? மாற்றவில்லை.

3

அறிக்கையைப் பத்து முறை படித்தேன். புரிந்த மட்டும் சொல்கிறேன். ஈர மேகத்துக்குள் போனால் என்ஜினுக்குக் காற்று போகும் கார்புரேட்டருக்குள் பனி கட்டிக்கொள்ளும். என்ஜின் திணறும். உடனே ஒரு கைப்பிடியை இழுக்க வேண்டும். புகைக்குழாய்ச் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே போய்ப் பனியை உருக்கும். (அதற்காகவே என்ஜினை ஆறவிடக் கூடாதாம். ஆறிப்போன என்ஜினிடம் கொடுக்கச் சூடு ஏது?)

வம்பு இங்கேதான். உருகிய தண்ணீர் என்ஜினுக்குள்ளேதான் போகிறது. அதனால் பிடியை இழுத்ததும் முன்னைவிட மோசமாக உதறும். ஒரு நிமிஷம்கூட ஆகலாம். பொறுத்தால் தெளியும்.

விழுந்த விமானத்தில் அந்தப் பிடி திரும்ப உள்ளே தள்ளப்பட்டிருந்தது, அதாவது சூடு நிறுத்தப்பட்டிருந்தது. (விழுந்த வேகத்தில் தானாக உள்ளே போயிருக்கலாம் என்றும் ஒரு வரி உண்டு. கிருஷ்ணசாமிக்கு யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை.)

4

முடிவு ஒன்று: பொறுத்தார், தெளிந்தது, இறங்கினார். பரிமளா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அப்போ வூட்டுக்கு வந்திருப்பாரே சார்."

முடிவு இரண்டு: பயந்துபோய்த் தள்ளிவிட்டார். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவரைப் பயந்தவர் என்று எழுத நான் யார்? தயங்கித் தயங்கித்தான் காட்டினேன். பரிமளா கடைசி வரிவரை படித்தார்.

"டிரிப் ஏத்தினதும் பேஷண்டுக்கு நடுக்கம் வந்தா மொதல்ல டிரிப்பதான் நிறுத்துவோம். எங்களுக்கு அதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. அவரு நிறுத்துனா மட்டும் எப்படி சார் தப்பு?"

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். "படிக்கிறவங்க கையில அந்தப் பிடியைக் குடுங்க."

5

கொளஞ்சி அப்போது... இல்லை, அவரை விட்டுவிடுவோம். இருக்கையில் நீங்கள் உட்காருங்கள்.

சுற்றிலும் மேகம், ஒன்றும் தெரியவில்லை. என்ஜின் திணறியது, பிடியை இழுத்துவிட்டீர்கள். பொறுத்தால் தெளியும் என்று உங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷம் ஓட்டிய அவருக்கும் தெரியும். பத்து நொடி. உதறல் கூடுகிறது. இருபது. பல் கிடுகிடுக்கிறது. உயரம் குறைந்துகொண்டே வருகிறது. பிடியை இழுப்பதற்கு முன்னால் இவ்வளவு மோசமில்லை. முப்பது. உங்கள் கை இன்னும் பிடிமேல்தான் இருக்கிறது.

நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. தள்ளினாலும் சரி, பொறுத்தாலும் சரி, பரிமளா உங்களை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்.