ரொட்டிக்கு வைத்த பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு முதல் ஆளாக வந்த தபால்காரர் ரொட்டி கேட்கவில்லை. கையிலிருந்த பத்திரிகையை நாலாக மடித்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். படத்தைப் பார்த்தார், பெட்டிக்குப் பின்னால் நின்ற அவளைப் பார்த்தார், சந்தேகம் தீராமல் மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“அட, நீங்கதானா அது! இத்தனை வருஷமா இந்த ரொட்டியத் தின்னுக்கிட்டிருக்கேன். பேருக்குச் சொந்தக்காரங்க எதிர்லயே நிக்கிறாங்கன்னு தெரியாமப் போச்சே!”

அவள் பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பினாள். பேட்டி எடுத்துப்போன பத்திரிகைக்காரப் பெண் சொன்னபடி பார்த்தால் அது அடுத்த மாதம்தான் வரவேண்டும். படத்தில் அவள் ஒரு தட்டு நிறைய ரொட்டிகளை ஏந்திக்கொண்டு, கல்யாணப் படத்தில்கூடச் சிரிக்காத சிரிப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: மனைவியின் பெயரில் ஒரு ரொட்டி, இருபது வருடக் காதல். அவளுக்கும் ரொட்டி சுடும் மாஸ்டருக்கும் கல்யாணமாகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

இருபது வருடத்துக்கு முன்னால் மாஸ்டருக்கு வாய்த்தவள் வேறொருத்தி. கல்யாணமான புதிதில் மனிதர் ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, மாவோடு பிசைந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு ரொட்டி சுட்டார். பெண்டாட்டி பெயரையே அதற்கு வைத்தார். ரொட்டி நன்றாக ஓடியதும் கடைக்கும் அதே பெயர் ஆனது. எதிரே இருக்கிற பஸ் நிறுத்தத்துக்கு நகராட்சி வைத்த பெயர் ஒன்று பலகையில் இருக்கத்தான் செய்கிறது, அதை யாரும் சொல்லி இவள் கேட்டதில்லை. கண்டக்டர்கள் கடைப் பெயரைத்தான் கத்துவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த இவள், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்று “என்னங்க?” என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. ஆம், இவளுக்கும் அதே பெயர்தான். அபூர்வமான பெயர் ஒன்றுமில்லை. ஒரு வகுப்பை எடுத்தால் இரண்டு பேருக்காவது இருக்கும். ஆறு வருடத்துக்கு முன் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன மூத்தவள் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் மூன்று வருடம் கழித்து, பதிவு அலுவலகத்தில் ஊரார் கல்யாணத்தையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தே முப்பத்தெட்டு வயதாகிவிட்ட இவளை, அண்ணி பார்த்துப் பேசி முடித்தாள். “பொருத்தம்னா இதுல்ல பொருத்தம்! போர்டைக்கூட மாத்த வேணாம்” என்றாள் அண்ணி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

பொய்யென்று பார்த்தால் அது ஒரே நாளில் வந்த பொய் இல்லை. கடையில் நிற்க ஆரம்பித்த முதல் வருடம், “உங்க பேரா ரொட்டிக்கு?” என்று யார் கேட்டாலும், “இல்லைங்க, அது மூத்தவங்க பேரு. அவங்க இப்ப இல்ல” என்று ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னதும் கேட்டவர்களின் முகம் சப்பென்று போய்விடும். மீதிச் சில்லறைக்குக்கூட நிற்காமல் நழுவுவார்கள். சிலர் அவளைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை அளந்துவிட்டுப் போவார்கள். ஒரு மழை நாளில், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டபோது அலுப்பில் “ஆமாங்க” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்தது. “கொடுத்து வச்சவங்க” என்றாள். கொடுத்து வைத்தவள் என்று அவளை அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று முழுக்க அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு நாக்கு பழகிவிட்டது. பத்திரிகைக்காரப் பெண் வந்த அன்று மாஸ்டர் மாவு சரியில்லையென்று மில்லுக்குச் சண்டை போடப் போயிருந்தார். கேள்வி வந்தது, பதில் தானாக வந்தது, தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னதும் நின்றாள்.

பாப்பா ஒன்பது மணிக்குக் கீழே வந்தாள். மூத்தவளின் மகள்; கல்லூரியில் இரண்டாம் வருடம், வளர்ந்து அப்பா உயரத்துக்கு வந்தும் வீட்டில் இன்னும் பாப்பாதான். பெட்டியின் மேலிருந்த பத்திரிகையை எடுத்தாள். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள், படம் கீழே இருக்கும்படி. படியேறிப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மாஸ்டர் ஓவனிலிருந்து தட்டை இழுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தார். மாவு ஒட்டிய விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். “போட்டோ நல்லாத்தான் எடுத்திருக்காங்க ஆபீசர்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆபீசர் என்பது அவர் இவளுக்கு வைத்த பட்டம். அலுவலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் முதல் நாளே ஆரம்பித்தது. ஆபீசர், சாவி எங்கே? ஆபீசர், டீ போடலாமா? மூன்று வருடத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயரை மூத்தவளுக்கென்று பூட்டி வைத்திருக்கிறார், இவளுக்கு ஒரு கிண்டலை எடுத்து நீட்டிவிட்டார் என்று அவள் பல நாள் நினைத்ததுண்டு. அந்த எரிச்சல்தான் கடையில் “ஆமாங்க” என்று வந்ததோ என்னவோ.

பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். தப்பாக வந்திருக்கிறது, திருத்தம் போடவேண்டும் என்றாள். எடுத்தவர் பொறுமைசாலி. “பேர்ல தப்பாம்மா?” என்றார். “பேர் சரிதாங்க.” “போட்டோ மாறிப் போச்சா?” “போட்டோவும் என்னோடதுதான்.” “அப்ப என்னத்தம்மா திருத்தச் சொல்றீங்க?” அவள் விளக்க வாயெடுத்தாள். பெயர் சரி, ஆள் சரி, கடை சரி, மனைவி என்பதும் சரி. தப்பு எங்கே இருக்கிறதென்று அவளுக்கே சுட்டிக் காட்ட வரவில்லை. பரவாயில்லைங்க என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பாப்பா கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பக்கம் திருப்பும் சத்தம் மட்டும் வரவில்லை.

“தப்புதான் பாப்பா. சும்மா வாய்ல வந்துடுச்சுன்னு சொல்லமாட்டேன். ஆசையாத்தான் இருந்துச்சு. அதான் சொன்னேன்.”

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். சாக்குப்போக்கை எதிர்பார்த்திருந்தவள், புத்தகத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அம்மாவுக்கு அந்த ரொட்டியே பிடிக்காது, தெரியுமா சித்தி?” என்றாள் கடைசியில். “தோலையெல்லாம் பொறுக்கி ஓரமா வச்சுட்டுத்தான் தின்பாங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லவே இல்ல.”

இருவருக்கும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. சிரித்தால் சமாதானம் ஆகிவிட்டதாக அர்த்தமாகிவிடும் என்பதுபோல் பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் புத்தகத்தின் மூலையை மடித்தாள், பிரித்தாள்.

“பேரைக் கேட்டதுமே அப்பா உங்கள வேணாம்னுட்டாரு” என்றாள். “உங்க அண்ணி ரெண்டாவது தடவ வந்தப்ப நான்தான் சரின்னு சொல்லச் சொன்னேன். அழுது அடம்பிடிச்சேன்.”

“நீயா? எதுக்கு?”

“அந்தப் பேருக்குத்தான்.” பாப்பா புத்தகத்தை மூடினாள். “அம்மா இருக்கறப்ப அப்பா ஒரு நாளைக்கு அம்பது தடவ கூப்பிடுவாரு. துண்டு எங்க, சாவி எங்க, பாப்பா சாப்பிட்டாளா... எல்லாத்துக்கும் முன்னாடி அந்தப் பேருதான். அப்புறம் ஒரு நாள் அப்படியே நின்னுபோச்சு. கடையில எல்லாரும் சொல்றாங்க, இல்லேங்கல. ஆனா ரொட்டியச் சொல்றாங்க. கண்டக்டர் இறங்குற இடத்தச் சொல்றாரு. ஒரு ஆளக் கூப்பிடுற மாதிரி யாரும் சொல்லலயே. நீங்க வந்தா வீட்டுக்குள்ள மறுபடியும் கேக்கும்னு நெனச்சேன். பதினாறு வயசு, வேற என்ன தெரியும்? வந்தீங்க. அவர் ஆபீசர்னுட்டாரு.”

தட்டிலிருந்த சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். யாரோ ஒருத்தியின் பெயரை ஒலிக்கவிட ஆள் பிடித்த கதையல்லவா இது. ஆனால் கோபம் வரவில்லை. பதினாறு வயதில் கதவோரம் நின்று, அப்பா இன்றைக்காவது கூப்பிடுவாரா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் கண்ணில் வந்து நின்றாள். அன்றெல்லாம் அதை முறைப்பு என்றல்லவா இவள் நினைத்திருந்தாள். பாப்பாவின் முதுகைத் தடவிக் கொடுக்கலாமா என்று கை போனது, பாதியில் தயங்கியது. “சாப்பிடு, ஆறிடும்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

சாயங்காலக் கூட்டத்தில் பத்திரிகையோடு நாலு பேர் வந்தார்கள். நாலு பேரிடமும் சொன்னாள். “நான் இல்லைங்க. மூத்தவங்க பேரு. நான் சொன்னது பொய்.” மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி, “அடப்பாவமே, அப்ப நீங்க ரெண்டாவதா?” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். “ஆமாங்க, ரெண்டாவதுதான். ரொட்டி ரெண்டா, நாலா?” என்றாள். காது மடல் சுட்டது. முன்புபோல் நாலாவது ஆளும் நழுவிவிட்டார், சில்லறையை மறந்துவிட்டு.

கூட்டம் ஓய்ந்ததும் உள்ளே போனாள். மாஸ்டர் அடுத்த சுற்றுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை.

“என்னங்க, என் பேரைக் கேட்டதும் வேணாம்னீங்களாமே?”

அவருடைய கைகள் மாவுக்குள்ளேயே நின்றன. மேலே பார்த்தார், யார் சொல்லியிருப்பார்கள் என்று புரிந்திருக்கும்.

“ஆமா” என்றார். “அந்தப் பேரை வச்சுக்கிட்டு இன்னொருத்தி இந்த வீட்டுக்குள்ள வந்தா, பாக்குறவனெல்லாம் அவளத்தான் பாப்பான். நானும் அப்படிப் பாத்துருவனோன்னு பயமா இருந்துச்சு. அது உனக்குப் பண்ற துரோகம் இல்லையா? பாப்பா விடல. சரி, வர்றவளுக்கு அவளுக்கே அவளுக்குன்னு ஒரு பேர் இருக்கட்டும்னு யோசிச்சேன். எனக்கு எங்க பேர் வைக்கத் தெரியுது, வச்சதே ஒண்ணு. ஆபீசர்னு வந்துச்சு.” மாவை ஒரு திருப்பு திருப்பிப் போட்டார். “அது உனக்குப் பிடிக்கலையா?”

மூன்று வருடம் கிண்டலென்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் ரொட்டிக்கும் பலகைக்கும் பஸ்ஸுக்கும் இல்லாத, அவளுக்கென்றே செய்த பொருள் அது ஒன்றுதான் என்று இப்போதுதான் தெரிகிறது. தெரிந்த அன்றைக்கே அதைக் கையிலிருந்து விடவேண்டியிருக்கிறதே.

“ரொம்பப் பிடிக்கும்” என்றாள். “ஆனா இனிமே பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

“எதுக்கும்மா இப்ப?”

“பாப்பா கேக்கணும். மூணு வருஷமா கேக்கக் காத்துக்கிட்டிருக்கா.”

 பிசைந்த மாவையே மறுபடியும் பிசைந்தார். பிறகு வாயைத் திறந்து அந்தப் பெயரைச் சொன்னார். ஆறு வருடமாக ரொட்டியாகவும் கடையாகவும் மட்டுமே அந்த வாயிலிருந்து வந்துகொண்டிருந்த பெயர், ஆளைக் கூப்பிடப் போனபோது பாதியில் உடைந்தது. ஓவனின் இரைச்சலில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“மாடிக்குக் கேக்கலைங்க.”

மாஸ்டர் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூச்சை இழுத்தார். சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிடுவதுபோல், பால் பொங்குகிறதென்று கூப்பிடுவதுபோல், வீடு அதிரக் கூப்பிட்டார்.

மாடியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தவள், வெகுதொலைவில் இருக்கிறவள்போல, கூரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “இதோ வந்துட்டேங்க!”

மேல் படியில் பாப்பாவின் ஈரக்கால் ஒன்று வந்து நின்றது. இறங்கவுமில்லை, திரும்பவுமில்லை. கூப்பிட்டவர் மாவுக் கையோடு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.